தோன்கா விதூலிச்சின் கழுதை

ஐஸ் பிளான்டில் கரண்டு போன ஒரு மத்தியானம்,
கணக்கு நோட்டை மூடிவிட்டு,
கைப்பேசியின் கண்ணை அந்தப் புத்தகத்தின்மேல் பிடித்தேன்.
முப்பத்தைந்து வருஷமாய் ஊமையாய்க் கிடந்த எழுத்து
குலைந்து, நடுங்கி,
அரைகுறைத் தமிழாய் எழுந்து நின்றது.

பின்னட்டையில் சிகரெட்டோடு,
கேமராவைப் பார்க்காமல் நிற்கிறவளின் பெயர்
தோன்கா விதூலிச்.
குரோவேஷியாவில் ஒரு தீவு.
டப்பா மீன் கம்பெனியில்
முப்பத்தொரு வருஷம் சாளை நிறுக்கிற வேலை.
டப்பாவில் ஒட்டுகிற லேபிளின் வெள்ளைப் பக்கத்தில்
பிள்ளைகளுக்கு நாலு கதை எழுதினாள்.
கல்யாணம் இல்லை.
தம்பி ஒருவன், கடலோடு போனான்.
இவள் இறந்தது எண்பத்தேழில்.
இது மறுபதிப்பு.

எண்பத்தேழில்!
அப்பா கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போய்
ரியேக்கா துறைமுகத்தில் இறங்கியது எண்பத்தொன்பதில்.
அப்போது அந்த நாட்டுக்கு வேறு பெயர்.
"இந்தப் பொம்பளைதான் மக்களே எனக்குச் சூப்பு தந்தா,
புஸ்தகத்தையும் தந்து
ஒனக்க மகளுக்குக் குடுன்னு சொன்னா"
என்று எத்தனை ராத்திரி சொல்லியிருப்பார்,
ஒரு எழுத்துகூடத் தெரியாத பாஷையைப்
படம் பார்த்தே எனக்கு வாசித்தவர்.

கழுதை முதுகில் தகரப் பீப்பாய்:
"கருவாடு" என்பார்.
மலையுச்சியில் கழுதை வாய் பிளந்து நிற்கிற பக்கம் வந்தால்
"தும்மல்" என்பார்.
நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து தும்முவோம்,
அம்மா சுவரில் தட்டுகிறவரைக்கும்.

பீப்பாயில் இருந்தது விளக்கெண்ணெயாம்,
கலங்கரை விளக்குக்கு.
மூன்று நாள் ஒரு காற்று. அதற்கு அங்கே பெயர் பூரா.
கைப்பேசிக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை,
பூரா என்றே விட்டுவிட்டது.
அதுவும் சரிதான்,
ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசம் நின்றவர்களுக்குத் தெரியும்
பூரா அடிக்கிற காற்று என்றால் என்ன என்று.
எண்ணெய் தீர்ந்தது. விளக்கு அணைந்தது.
கழுதை ராத்திரி முழுக்கப் பாறைமேல் நின்று கத்தியது.
சத்தம் பார்த்துப் படகுகள் திரும்பின.

கடைசிப் பக்கத்தில் படகுகள் மட்டும்.
கீழே ஒரே வரி:
எண்ணிப் பார். நானும் எண்ணினேன்.

முதல் பக்கத்தில் போனது பன்னிரண்டு.
வந்தது பதினொன்று.
ஆறு வயதில் நான் இதைக் கண்டுபிடித்து
அப்பாவை மடக்கியிருக்கிறேன்.
"ஒண்ணு தாளுக்கு வெளிய நிக்கு பிள்ளே.
தாளு சின்னது, கடலு பெருசுல்லா."

சாயங்காலம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டபடி கேட்டேன்:
சூப்பு யாரு தந்தா?
மூடின இமைக்குள் கொஞ்ச நேரம் தேடினார்.
"சூப்பு உள்ளதுதான். எலும்பு கெடந்துது."
யாரு?
"ஒரு பொம்பளை."
சிகரெட்டு பிடிச்சாளா?
"அங்க எல்லாவளும் பிடிப்பாளுவ."
அதற்குமேல் மருந்து எரிகிறது என்றார்.

ஒக்கி புயலுக்கு அடுத்த வாரம்,
பெரியவர்கள் எல்லாம் ரோட்டில் உட்காரப் போயிருந்த பகலில்,
கோயில் ஹாலில் விட்டுப்போன பிள்ளைகளுக்கு
நான் இந்தப் புத்தகத்தைத்தான் கொண்டுபோனேன்.
கருவாடு சொன்னேன். தும்மினேன்.
சிலது சிரித்தன.
ரெஜிலா சிரிக்கவில்லை.
ஏழு வயசு, அவள் அப்பன் போன போட்டு
அன்றைக்கும் வந்திருக்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
"பதினொண்ணு."

என் வாய் எனக்கு முன்னால் ஓடிப்போய்
அப்பாவின் பதிலைச் சொல்லிவிட்டது.

அவள் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.
வெளியே ஹால் தரை,
யாரோ சிந்திய சாம்பார்.
பிறகு தாளைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள்,
அட்டையைத் திருப்பினாள்,
சிகரெட்டு பிடித்தவளைக் கண்டாள்.

"இவ ஆரைப் பாக்கா?"

தெரியாது என்றேன்.
அப்போது தெரியாது.