அறுபது மில்லி

மருந்துக்கடையில் பதினோரு வகை இருந்தன.
புட்டி என்றால் புட்டி என்றிருந்தேன் அதுவரை.
கண்ணாடி, பிளாஸ்டிக், இடுப்பு ஒடுங்கியது,
கழுத்து வளைந்தது, அடியில் திருகு வைத்தது.
காம்பில் ஓட்டம் என்ன எண் வேண்டும், என்றாள் கடைக்காரி.
பிறந்து பத்தொன்பது நாள், என்றேன்.
அப்படியானால் ஒன்று. அதற்கும் கீழே
சுழியம் ஒன்று உண்டு, என்றாள்.

ஓட்டம் எனக்குத் தெரியாததல்ல.
மகெல்லன் நீரிணையைக் கடக்கும் படகில்
எட்டு வருடமாக என்ஜின் அறையில் இருக்கிறேன்.
எந்த வால்வு காற்றை விட்டுவிட்டு
எண்ணெயை மட்டும் பிடித்துவைக்கும் என்று
கையை வைத்துப் பார்த்தே சொல்வேன்.
நான்கு வாங்கினேன்.
அதிலொன்று ஆறு பாகமாகக் கழன்றது.
என் பூட்ஸ் அதைவிட மலிவு.

புண்டா அரீனாஸில் அந்த வாரம்
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாகத் தட்டி
ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுப் போனது காற்று.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனையில் கயிறு கட்டியிருந்தார்கள்.

யாஸ்னாவுக்கு இடது மார்பு கல்லாகிக் காய்ச்சல்.
பிள்ளை பிறந்த எடைக்கே இன்னும் திரும்பவில்லை
என்றாள் செவிலி ஓரியெட்டா, தராசு முள்ளைப் பார்த்தபடி.
பீய்ச்சி எடுத்துக் கொடுங்கள்.
வேளைக்கு அறுபது மில்லி.

கொதிக்கவைத்தேன். இடுக்கியால் எடுத்தேன்.
வெந்நீர்க் குவளைக்குள் புட்டியை நிற்கவைத்து
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன்.
விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை.
அதுதான் சரியான சூடாம்.

மிலென்காவுக்கு எதுவும் சரியில்லை.
முதல் காம்பை நாக்கால் தள்ளினாள்.
இரண்டாவதற்கு அலறினாள்.
மூன்றாவதை ஈறால் மென்றாள்.
ஆறு பாகப் புட்டியை வாயில் வைத்துக்கொண்டு
கூரையைப் பார்த்தாள், வேறெங்கோ போக இருப்பவள்போல.
வாயோரம் வழிந்தது கழுத்து மடிப்பில் தேங்கிப் புளித்தது.
பக்கத்து நாற்காலியில் யாஸ்னா.
வழிந்தது அவளுடைய இருபது நிமிடம்.

மூன்றாம் இரவு அவள் எழுந்தாள்.
நான் இங்கே இருக்கிறவரை குடிக்கமாட்டாள்.
அறை முழுக்க என் வாசனை.
இரவு உடைமேல் என் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள்.
கதவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை,
தாழை நீக்கியதும் காற்றே திறந்தது.

இந்த முறை நான் எதையும் வாய்க்குள் வைக்கவில்லை.
மேலுதட்டில் தொட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
புட்டியைக் கவிழ்க்காமல் படுக்கையாகப் பிடித்தேன்.
திறந்தாள்.
இழுத்தாள், நிறுத்தினாள், இழுத்தாள்.
பாலுக்குள் ஒரு குமிழி ஏறியது.
அப்புறம் இன்னொன்று.
பம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டுவிட்டது.
எந்தப் புட்டி அது என்று
அப்போது நான் பார்க்கவில்லை.

இடையில் நிறுத்தித் தோளில் சாய்த்து
ஜன்னலுக்குப் போனேன்.
விளக்குக் கம்பத்தடியில்,
இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்,
முடி முழுக்கக் கிழக்கே பறக்க.
புட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
விரல் காட்டினேன்: இரண்டு.
அடுத்த முறை மூன்று.
நான்குக்கு அவள் ஒரு கையை விட்டு
மார்பை அழுத்திக்கொண்டாள்.
ஜாக்கெட்டில் இருண்டு பரவியது ஈரம்.
உள்ளே வா என்று சைகை செய்தேன்.
தலையாட்டி மறுத்தாள்.
ஐந்து.
ஆறாவது விரல் இன்னொரு கையில் இருந்தது,
அந்தக் கையில் பிள்ளை.

புட்டியைக் கண்ணாடிமேல் தலைகீழாகப் பிடித்தேன்.
ஒன்றும் சொட்டவில்லை.

வந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.
எவ்வளவு என்று கேட்கவில்லை.
எந்தப் புட்டி என்றும் கேட்கவில்லை.
தூங்குகிறவளின் வாயருகே குனிந்து முகர்ந்து
என் பால்தான் என்றாள்,
சந்தேகம் இருந்ததுபோல.