நான்காவது கம்பம் வரை

எங்கள் ஊரில் காற்றுக்குக் கயிறு கட்டுவார்கள்.
புன்ட்டா அரேனாஸ், மாகெல்லன் நீரிணைக் கரை.
வசந்தம் வந்தால் தெருமுனைகளில்
இரும்புக் கம்பங்களுக்கு நடுவே
மணிக்கட்டுப் பருமனில் கயிறு.
பிடித்தவர்கள் நடக்கலாம்.
பிடிக்காதவர்கள் பறக்கலாம்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பவர்
இங்கே வந்து ஒருமுறை தூற்றிப் பார்க்கட்டும்.
மணியும் பதரும் முறமும் சேர்ந்து
எதிர்க்கரைத் தீவில் கிடக்கும்.

என் பெயர் யெர்கோ. வயது ஐம்பத்துமூன்று.
நண்டு ஆலையில் எடை போடும் வேலை.
எந்த நண்டையும் கையில் தூக்கி
கிராம் பிசகாமல் சொல்வேன்.
என் எடையைச் செவிலி பய்யாகார் சொன்னபோது
தராசு பழுது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு தாளில் எழுதினாள்:
தூக்கம்.
தண்ணீர்.
நடை.
நான்காவதாக உப்பு என்று எழுதி
என் முகத்தைப் பார்த்து
அடித்துவிட்டாள்.

தாளை எட்டாய் மடித்து
ஆடும் மேசையின் காலடியில் செருகினேன்.
மூன்று வாரம் மேசை ஆடவில்லை.
வைத்தியத்தின் முதல் பலன் அது.

டிரிங்கா ஒசோர்னோவுக்குப் போன பிறகு
நாற்காலியில்தான் உறக்கம்,
பூட்ஸோடு, தொலைக்காட்சி வெளிச்சத்தில்,
மடியில் பாதித் தட்டு.
ஒரு நள்ளிரவு காற்று எங்கோ கம்பியை அறுத்தது.
தெருவே இருண்டது.
செய்ய வேறொன்றும் இல்லாமல்
பூட்ஸைக் கழற்றினேன்.
ஓடு உரித்த எதையோ போல
இரண்டு வெள்ளைக் கால்கள்.
நெடுநாள் பார்க்காத உறவினர் மாதிரி
அவையும் நானும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம்.

மறுநாள் மின்சாரம் இருந்தது.
ஆனாலும் கழற்றினேன்.
வெறுங்காலுக்குத் தரை பனிக்கட்டி;
குளிர்பெட்டிவரை யார் போவது?
கட்டில்தான் பக்கம்.
இப்படித்தான் தூங்கப் பழகினேன்.
மன உறுதி என்று யாரும் சொல்ல வேண்டாம்,
தரை ஜில்லென்றிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீருக்கும் ஒரு தந்திரம்.
மாத்தே கெண்டி கொதிக்கும்வரை
கையில் ஒரு தம்ளர்.
கொதிப்பதற்குள் குடித்தாக வேண்டும்.
கெண்டியோடு பந்தயம்.
பெரும்பாலும் கெண்டி ஜெயிக்கும்.

நடை மட்டும் ஒத்துவரவில்லை.
முதல் நாள் இரண்டாவது கம்பம்வரை.
அடுத்த நாள் ஒன்றாவது.
அதற்கடுத்த நாள் கதவுவரை.
நான்காவதைத் தொட டிசம்பர் ஆனது.
ஐந்தாவதில் ரொட்டிக்கடை இருக்கிறது,
ஆகவே நான்கு.

காலை ஆறு நாற்பதுக்கு
எதிர்த்திசையில் அதே கயிற்றைப் பிடித்தபடி
இரும்புக்கடை ஒடிலா வருவாள்.
ஒரே கயிற்றில் இருவர் கடக்க
ஒருவர் கையை விட்டே ஆகவேண்டும்.
விட்ட நொடியில் காற்று தூக்கும்.
மற்றவர் சட்டைக்கையைப் பிடித்துச் சுற்றி
மறுபக்கம் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.
ஒருநாள் நான், ஒருநாள் அவள்.
பேசினால் வாயில் மணல்.
பேசியதில்லை.

ஜனவரியில் அண்ணன் மகன் கல்யாணம்.
ஆட்டு விலா, திராட்சை மது, பாட்டு;
ஒன்பது நாள் பூட்ஸோடு தூங்கினேன்.
பத்தாம் நாள் காலை
கயிற்றில் என்னைக் கண்டதும்
மணலையும் பொருட்படுத்தாமல் ஒடிலா கேட்டாள்:
"எங்கே போனாய்?"
பதில் சொல்லுமுன்
காற்று அவளைக் கடத்திவிட்டது.
அன்று நான்காவது கம்பத்தில்
சற்று அதிகநேரம் நின்றேன்.

மார்ச்சில் பய்யாகார் மறுபடி எடை பார்த்தாள்.
இரண்டு நண்டு குறைந்திருந்தேன்.
நல்லது என்று சொல்லி
புதுத் தாள் எடுத்தாள்.
உப்பு என்று எழுதினாள்.
இந்த முறை அடிக்கவில்லை.

அதே வாரம் நகராட்சி ஆட்கள் வந்து
கயிறுகளைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள்.
மறுநாள் காலை ஒரு இலைகூட அசையவில்லை.
தெரு வெறிச்சென்று அகலமாக இருந்தது.
நடந்தேன்.
இரண்டாவது கம்பம் தாண்டித்தான் கவனித்தேன்,
வலது கை இடுப்பளவில் உயர்ந்து
எதையோ பற்றியபடி வருகிறது.
கீழே இறக்கப் போனேன்.
எதிரே ஒடிலா,
அவள் கையும் அந்தரத்தில்.

நெருங்கியதும்
இன்று என் முறை என்று நினைவு வந்தது.
கையை விட்டேன்,
அவள் சட்டைக்கையைப் பிடித்து
சுற்றிக் கடந்தேன்.