உணவுக்கு முன்

குலசேகரம் ஆஸ்பத்திரியில்
மருந்துச் சன்னலுக்கு உள்ளே ஆறு வருஷம்.
காலை மாத்திரைக் கவரில் ஒரு சூரியன் குத்துவேன்,
இரவுக்கு ஒரு பிறை.
என் கைக்காசில் செய்த ரப்பர் முத்திரை.
எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் விளங்குமே என்று
கொஞ்சம் பெருமையும் உண்டு.

நேசபாயை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.
தச்சமலைப் பக்கம், தோட்டத்தில்,
பால் வெட்டும் கத்தியோடு சரிந்து கிடந்தாளாம்.
நெற்றி விளக்கு மட்டும் அணையாமல்
மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.
சர்க்கரை நாற்பத்தொன்பது.
குளுக்கோஸ் ஏறியது. கண் திறந்தாள்.
சிரட்டையில் விழுந்த பாலை
யாராவது எடுத்தார்களா என்றாள்.

இந்த மாசத்தில் இது இரண்டாம் தடவை.
சீட்டின் ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:
சொன்னால் கேட்பதில்லை.

நானும் கோபமாகத்தான் போனேன் கட்டிலருகே.
மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?
"ஒரு நாளு விட்டதில்ல சாரே."
கரண்டு போயிருந்தது. கம்ப்யூட்டர் வரும்வரை
எனக்கும் வேலையில்லை. அதனால்தான் கேட்டேன்:
எப்போ எழும்புவீங்க? அங்கேருந்து சொல்லுங்க.

ரெண்டு மணிக்கு எழும்புவா. அதுதான் அவளுக்குக் காலை.
மாத்திரை. ஒரு கட்டன் சாயா.
பிறகு நானூறு மரம்.
வெளுத்த பிறகு பாலெடுப்பு,
ஆசிட் விட்டு உறைய வைத்து,
கஞ்சியில் கை வைக்கப் பத்தாகும்.
"உணவுக்கு முன்னுதானே எழுதியிருக்கு?
நான் முன்னதானே போட்டேன்?"

எட்டு மணி நேரம் முன்னால்.
என் கவரில் இருந்த ஒவ்வொரு சொல்லையும்
எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருந்தாள்.
வாசிக்கவும் தெரியும்;
ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வாசகம்
பெரும்பாலும் அவள்தான்.

சீட்டைத் திரும்ப எடுத்தேன்.
சொன்னால் கேட்பதில்லை.
எழுவாய் இல்லாமலும் தமிழில் வாக்கியம் நிற்கும்.
யார் கேட்பதில்லை என்று அதில் இல்லை.
காது கொடுப்பதும் கேட்பதுதான்,
வாய் திறந்து விசாரிப்பதும் கேட்பதுதான்.
ஆறு வருஷம், இதே சன்னலில்,
உங்கள் காலை எத்தனை மணிக்கு என்று
ஒருத்தரிடமும் நான்

டாக்டர் நேரத்தை மாற்றினார், அளவையும் குறைத்தார்.
சூரியனைக் குத்தப் போன கை நின்றது.
பேனாவில் எழுதினேன்:
கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, குடிக்கும் முன்.
கத்தி எடுக்கும் முன் வேண்டாம்.
எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம் என்றேன்,
நான் எழுதியது சரிதானா என்று தெரிந்துகொள்ள.
சொன்னாள். சொல்லிவிட்டு,
"மழைக்கு வெட்டில்லாத நாளு சாரே?"

அதை நான் நினைக்கவே இல்லை.

வரிசை இப்போது மெதுவாகத்தான் நகர்கிறது.
பின்னால் நிற்பவர்கள் திட்டுகிறார்கள், நியாயம்தான்.
பேச்சிப்பாறை அணையில் ராக்காவல் பார்க்கும் ஒருத்தர்
பழைய கவரை நீட்டி, பிறையில் விரல் வைத்து நிற்கிறார்:
"இது நான் முழிச்சிருக்கப்பவா,
உறங்கப் போறப்பவா?"