பதினேழின் பின்காற்று

துர்க்கு நகரில் என் சமையலறை மேசை.
வடக்கே அறுநூறு கிலோமீட்டர் தாண்டி
முன்பு காகித ஆலையாய் இருந்த கூடத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு சர்வர்கள்.
ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

அணைத்தால் தூங்கிவிடும் என்று நினைப்பார்கள்.
ஒவ்வொன்றின் பலகையிலும்
நகத்தளவு சில்லு ஒன்று இருக்கிறது.
மின்கம்பியைப் பிடுங்கும்வரை அது கண் மூடாது.
பெட்டி செத்தாற்போல் கிடக்கும்போதும்
கேட்டால் சொல்லும்:
ஆறு விசிறியும் நிற்கின்றன,
மூடி திறக்கப்படவில்லை,
நான் இருக்கிறேன்.
என் தங்கை மகனைவிட
ஒழுங்காகப் பதில் போடும்.

ஜனவரி. முற்றத்துச் சென்சார்
மைனஸ் முப்பத்தொன்று என்றது.
மூன்று பத்துக்குப் பதினேழாவது பெட்டி முனகியது.
பின்காற்று முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
நாற்பத்தாறு.
விசிறிகள் தாமாக வேகம் பிடித்தன.
முன்னால் நுழையும் காற்றில் மாற்றமில்லை.
வேலையும் ஒன்றுமில்லை,
ஏதோ வங்கியின் பழைய கணக்கு,
அந்நேரம் யார் கேட்கப்போகிறார்கள்.
மூன்று நாற்பதுக்கு எல்லாம் அடங்கியது.
பதிவேட்டில் மஞ்சளாய் ஒரு வரி.

மறுநாள் இரவும் அதே நேரம்.
அதற்கடுத்த நாளும்.
விசிறியை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினேன்,
அனுப்பவில்லை.
காய்ச்சல் கடிகாரம் பார்த்தா வரும்?

காவல் அட்டவணையைத் திறந்தேன்.
மூன்று மணிச் சுற்று: தாவெத்தி.
வேலியோரம் பனியில் நடந்துவிட்டு
கதவில் அட்டையைத் தேய்ப்பது மூன்று ஏழு.
கூடத்தின் நீளம் நடக்க மூன்று நிமிடம்.
பிறகு
(இதை எந்தச் சென்சாரும் சொல்லவில்லை)
நனைந்த கம்பளிக் கையுறை இரண்டு
பதினேழின் முதுகுச் சல்லடையில்
மூச்சை மறித்துக்கொண்டு தொங்கின.

புகார் எழுத வேண்டும். அதுதான் விதி.
என்னிடம் ஒரு பொத்தானும் இருந்தது.
திருப்புளியோடு வருகிறவனுக்கு
இந்தப் பெட்டிதான் என்று
கண்சிமிட்டிக் காட்டும் நீல விளக்கு.
அழுத்தினேன்.
நாற்பத்தாறு சரசரவென்று முப்பத்தெட்டாயிற்று.
வெடுக்கென்று பறித்திருப்பார்.
அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ஓர் ஆள் திடுக்கிட்டதை
நான் டிகிரியில் பார்த்தேன்.

அடுத்த இரவு ஒன்றுமில்லை.
அதற்கடுத்ததும் நேர்கோடு.
நல்ல பராமரிப்பு, ரைலி,
என்று மேலாளர் எழுதினார்.
முற்றத்துச் சென்சார்
மைனஸ் முப்பத்துநான்கு என்றது.

எண்பத்தெட்டாவது பெட்டிக்கு
இப்போது வாடகைக்காரர் இல்லை.
வட்டுகளைத் துடைத்தாயிற்று,
பிப்ரவரியில் கழற்றப்போகிறார்கள்.
இரண்டு ஐம்பதுக்கு அதை எழுப்பினேன்.
பகா எண்களைத் தேடு என்று வேலை கொடுத்தேன்,
எண்கள் எனக்கு வேண்டாம்,
சூடேறினால் போதும்.
விசிறியைத் தானியங்கியிலிருந்து
என் கைக்கு மாற்றிக்கொண்டேன்.
மூன்று எட்டுக்கு நீல விளக்கு.

பத்து ஆயிற்று.
பதினொன்று.
காபி ஆறிவிட்டது.
தாவெத்தி வேறு வழியாகப் போயிருக்கலாம்,
அல்லது நீலம் என்றால் அவருக்கு இப்போது பயம்.

மூன்று பதினாறு.
எண்பத்தெட்டின் பின்காற்று
முப்பத்தெட்டிலிருந்து நகர்ந்தது.
நாற்பத்திரண்டு. நாற்பத்தாறு.
நாற்பத்தொன்பதில் நின்றது.

கையுறைக்கு எட்டு டிகிரி
என்பது என் கணக்கு.
இது பதினொன்று.
காலுறையையும் கழற்றியிருக்கிறார்.