இரண்டாந்தடவை

மதியம் ஒன்றரை. ஷார்ஜா, முவைலா.
ஐந்தாம் எண் பேருந்து தாமதம்.
அதனால் எனக்குக் கிடைத்தது
இருபது நிமிடமும் ஜெபினாவும்.

பி.எட். செய்முறைக் குறிப்பேட்டில் ஆறாவது பயிற்சி:
ஐந்து வயதுக் குழந்தை ஒன்று.
ஒரே அளவுக் குவளைகள் இரண்டு.
ஒல்லியாய், உயரமாய் இன்னொன்று.
கேண்டீனில் இரண்டு பிளாஸ்டிக் டம்ளர் எடுத்தேன்.
ஆய்வகத்தில் ஓர் அளவுகுழாய் கடன்.
தண்ணீர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதென்று
லபன் வாங்கினேன், என் காசில்.

"ரெண்டும் சமமா?"
மேசையோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள்.
"சமம் மிஸ்."

ஒன்றைக் குழாயில் ஊற்றினேன்.
லபன் ஒட்டகம்போல் கழுத்தை நீட்டிக்கொண்டது.
"இப்போ? ரெண்டும் சமமா?"

குறிப்பேடு முன்கூட்டியே சொல்லியிருந்தது:
குழந்தை உயரத்தைக் காட்டும்.
ஊற்றினாலும் அளவு மாறாதென்ற அறிவு
ஏழு வயதையொட்டி வரும்.
திருத்த வேண்டாம். குறித்துக்கொள்ளவும்.

ஜெபினா குழாயைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு விரலால் குழாயைத் தொட்டு
"இது... நிறைய?" என்றாள்.
'இன்னும் வரவில்லை' கட்டத்தில் குறியிட்டேன்.
பென்சில் முனை உடைந்தது.

சீவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்,
"முதல்ல சொன்னது தப்பா மிஸ்?"
"இல்லையே. ஏன்?"
"மறுபடி கேட்டீங்களே."

அபு ஷகாராவில் அவள் வீடு
ஜிப்சம் பலகையால் மூன்றாக்கிய கூடத்தின்
நடுத் துண்டு.
அம்மா கேட்பாளாம், "சம்பளம் போட்டாங்களா?"
"போட்டாச்சு" என்பாராம் அப்பா.
சோறு வைத்து, ரசம் ஊற்றி,
அம்மா அதே கேள்வியை மறுபடி கேட்பாளாம்.
"இல்ல."
பலகைக்கு அந்தப் பக்கம்
டிவி சத்தம் குறையுமாம்.

"ரெண்டாந்தடவை கேட்டா வேற சொல்லணும் மிஸ்.
இல்லன்னா மூணாந்தடவையும் கேப்பாங்க."

போன வருஷம் இரண்டாம் வகுப்பில் மிஸ்பாஹ்.
ஏழும் ஐந்தும்?
பன்னிரண்டு.
நல்லா யோசிச்சுச் சொல்லு.
பதிமூணு.
நல்லா யோசி.
பதினொண்ணு.
அவன் விடையைத் தேடிய இடம்
கரும்பலகை இல்லை, விரல்கள் இல்லை,
என் புருவம்.
பெற்றோர் கூட்டத்தில் அவன் உம்மாவிடம்
"கணக்கில் நிதானம் போதாது" என்றது
நான்தான்.

அழிப்பானை எடுத்தேன்.
எதை அழிப்பது என்று தெரியாமல்
ஓரத்தில் எழுதினேன்:
கேள்வியும் அளவு மாறும்,
இன்னொரு முறை ஊற்றினால்.
மேற்பார்வையாளர் சுழித்து அனுப்புவார்.
அனுப்பட்டும்.

இதற்குள் அவள் குழாயைச் சாய்த்து
டம்ளரில் திரும்ப ஊற்றியிருந்தாள்,
மேசையில் கொஞ்சம் சிந்தி.
மறுபடி கன்னத்தை ஒட்டிவைத்து
இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.
என் நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.

ஒன்றைக் குடித்தாள். மற்றதை
என் பக்கம் தள்ளினாள்.
வெள்ளை மீசையோடு
பையை மாட்டிக்கொண்டிருக்கையில்
வாசலில் ஹார்ன்.

ஓடிவிட்டாள்.
இரண்டாவது ஹார்னுக்கு
நானும் காலி நாற்காலியும் இருந்தோம்.