சன்னலைத் தொறங்க

இரவு ஒன்பதே கால். வெள்ளமடத்தில்
சோற்றில் கை வைத்திருந்தேன்.
"அடுக்களையில நாத்தம் அடிக்கி"
ஆரல்வாய்மொழியிலிருந்து தாயம்மை.

ரெகுலேட்டரை அடைச்சாச்சா?
"அது அப்பமே அடைச்சாச்சு."
இப்பம் எங்க நின்னு பேசுதிய?
"அடுப்புக்குப் பக்கத்துல."
பிள்ளையையும் கூட்டிட்டு முற்றத்துக்கு வாங்க.
"லைட்டை அணைச்சிட்டு வாறேன்."
தொடாதீங்க. எரியுறது எரியட்டும்.
வெளிய நின்னு சன்னலைத் தொறங்க.

போனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"ஆனி மாசத்துலயா?"

அந்த ஊரில் ஆனி பிறந்தால்
சன்னல்களை நைலான் கயிற்றால் கட்டுவார்கள்.
இடுக்கில் பழஞ்சேலை திணிப்பார்கள்.
இல்லையென்றால்
அடுப்புத் தீயை ஊதிவிட்டுப் போய்விடும் காற்று;
தீ போனது தெரியாமல்
திருகு திறந்தே கிடக்கும்.
சேலையின் நியாயம் எனக்கும் தெரியும்.
வெளியேற வழியில்லாத வாயு
தண்ணீர்போல் தரையில் தங்கி நிற்பதும் தெரியும்.

"கயிறு அறுத்தாச்சு" என்றாள்.
சட்டி உருளும் சத்தம் கேட்டது.

காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு நடுவே
வண்டியை முதுகில் கைவைத்துத் தள்ளியது
அதே காற்று.

நான் போனபோது வீடு துப்புரவாகியிருந்தது,
காலண்டரும் கணக்கு நோட்டும் உட்பட.
அலமாரிக்குள் சிலிண்டர்
பிரசவித்த பசுபோலப் படுத்துக் கிடந்தது.
"புக் பண்ணி ஒம்பது நாளு ஆச்சு,
அடியில கெடக்கது வரட்டும்னு சாச்சேன்."
உருளாமல் இருக்க
மடித்து அண்டை கொடுத்திருந்தாள் ஒரு தாளை.
போன வாரம் நான் வீடுவீடாகக் கொடுத்த நோட்டீஸ்.
மூன்றாம் வரி:
சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்கவும்.

திட்ட நினைத்தேன்.
ஒன்பது நாள் யாருடைய கணக்கு?

நிமிர்த்தி, குழாயைப் பார்த்தேன்.
காலாவதியாகி இரண்டு ஆனி கடந்திருந்தது.
புதியதை மாட்டி, மூடியைத் திருப்பி,
சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தோம்.
தீக்குச்சி தேடிய மாமனாரின் கையை
தாயம்மையே தட்டிவிட்டாள்.
குமிழ் வருமா என்று
நான்கு தலைகள் ஒரு மூட்டைச் சுற்றிக் குனிந்தன.
வரவில்லை.

"கேஸுக்கு ஏன் இவ்வளவு நாத்தம்?"
சுபாஷினி, ஐந்தாம் வகுப்பு.
அது கேஸுக்க நாத்தம் இல்ல மக்கா.
கேஸுக்கு மணமே கெடையாது.
ஒழுகினா நாம அறியணும்னு
நாத்தத்தைக் கலந்து அனுப்புறாவ.
"அதுக்குப் பிச்சிப்பூ மணத்தைக் கலந்தா என்ன?"
எனக்குப் பதில் வரவில்லை.
குழாய்க்கு ரசீது எழுதினேன்.

திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது காற்று.
தோவாளைச் சந்தையில்
பூ மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
வண்டியை நிறுத்தி
ஒருமுறை மோந்து பார்த்தேன்,
அந்த மணத்துக்கு அடியில்
வேறெதுவும் இல்லையே என்று.