வரிசையில் இருந்தவை

ஆடியில் கச்சான் அடித்தபோதே
வயரின் முனை பச்சை பூத்துவிட்டது.
பெரியபட்டினத்தில் உப்புக்கு
வாசல் ஜன்னல் என்றெல்லாம் வேண்டாம்,
அந்தத் தகரச் சதுரத்துக்குள்ளேயே குடியிருக்கும்.
ஐப்பசி வரை விட்டுவைத்தேன்.
இன்று பழைய பல்துலக்கியால் தேய்த்து
ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டேன்.

பிரிண்டர் என்னுடையது, மாடியில்.
வைஃபை கீழ்வீட்டு ருக்கையாவுடையது,
பாதிப் பணம் நான் தருகிறேன்.
அவளுக்கு மாமியாரின் பாஸ்போர்ட் நகல் வேண்டும், உடனே.
'என் போன்ல இருந்தே வருமா டீச்சர்?'
வரும் என்றேன், தெரியாமலே.

ரவுட்டரின் முதுகில் ஒரு துளை,
மூன்று வருடமாக யாரும் எட்டிப் பார்க்காதது.
வயரின் நீளமோ ஒன்றரை மீட்டர்.
ஆகவே பிரிண்டரை இறக்கினோம்,
நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்,
பதினாறு படி.
அவள் மகன் ஹாமித்
காகிதத் தட்டை மட்டும் தலையில் சுமந்து வந்தான்.

செருகினேன். விளக்கு எரிந்தது.
போன், எதுவும் கிடைக்கவில்லை என்றது.
அணைத்து எழுப்பும்போதெல்லாம்
அதன் முகவரி மாறுகிறது என்று புரிவதற்குள்
லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.
ஒருமுறை கடைசி எண் பதினொன்று,
மறுமுறை பதினேழு.
ஐம்பதில் நிறுத்தினேன்,
'நிரந்தரம்' என்ற கட்டத்தில் ஒரு டிக்.
எனக்கு எந்த அலுவலகத்திலும் விழாத டிக்.

பிறகு என் மடிக்கணினியிலும்
அதே எண்ணை எழுதி, சரி கொடுத்தேன்.
பிரிண்டர் செருமியது.
ருக்கையா கைதட்டினாள்.
வந்தது பாஸ்போர்ட் இல்லை.

'பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.
பொருள்: சொந்த மாவட்டமான தர்மபுரிக்கு
மாறுதல் கோருதல் தொடர்பாக.'

ஆடியில் அனுப்பியது.
அச்சு வராத எரிச்சலில்
மறுபடி மறுபடி தட்டியது.
தட்டுக்கு ஒன்றாக ஏழும் வந்தன,
நான் நிறுத்து, நிறுத்து என்று அழுத்த அழுத்த.

ருக்கையா இரண்டாம் தாளை எடுத்து
முழுக்கப் படித்தாள்.
'குடிநீர் உவர்ப்புன்னு போட்டிருக்கீங்க.'
ம்.
'எங்க வீட்டுத் தண்ணியையா?'

எட்டாவதாகத்தான் வந்தது பாஸ்போர்ட்,
மாமியாரின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோட்டோடு.
வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.
ஹாமித் தாள்களைத் திருப்பிப் பார்த்து
'இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கே, எனக்கா?' என்றான்.
ஆறைக் கொடுத்தேன்.
உடனே ஒன்றில் பஸ் வரைய ஆரம்பித்தான்.

ஏழாவதை நான் மடித்துக்கொண்டிருக்கும்போது
உள்ளிருந்து ஒரு டம்ளர் வந்தது.
கேன் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர்.
அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
முழுதும் குடித்தேன்.
உப்புத்தான்.